சூடானால் மட்டும் உதறும் இன்ஜின்: ஒரு சிஎன்ஜி டாக்சியின் நான்காவது சிலிண்டர்

வண்டி

கோவையில் டாக்சியாக ஓடும் 2014 மாடல் செடான். 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், நான்கு சிலிண்டர், பதினாறு வால்வு. வால்வை அமுக்கித் திறக்கும் ராக்கருக்கும் வால்வு நுனிக்கும் நடுவே விடும் டேப்பெட் இடைவெளியை ஸ்க்ரூவும் லாக்நட்டும் வைத்துக் கையால் செட் செய்யும் பழைய பாணி அமைப்பு. எங்களிடம் வந்தபோது மீட்டரில் 1.6 லட்சம் கி.மீ. தாண்டியிருந்தது. கடைசி 70,000 கி.மீ. ஓட்டம் வெளியில் பொருத்திய சிஎன்ஜி கிட்டில். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி கேஸ் இன்ஜெக்டர் உள்ள சீக்வென்ஷியல் வகை கிட் அது. காலையில் பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி, இன்ஜின் கொஞ்சம் சூடானதும் தானாகவே கேஸுக்கு மாறிக்கொள்ளும்.

உரிமையாளரே ஓட்டுநர். வண்டிக்கு இன்னும் தவணை பாக்கி. ஒரு நாள் ஓடாவிட்டால் அன்றைய வருமானம் போயிற்று. பின்னால் எடுத்த முடிவுகளில் இதற்கும் பங்கு உண்டு.

என்ன சொன்னார்

"காத்தால எடுத்தா பூ மாதிரி ஓடுதுங்க. ஒரு ரவுண்டு போய்ட்டு அவிநாசி ரோடு சிக்னல்ல நின்னா உதறுதுங்க. கியர் போட்டு கிளப்பிட்டா ஒண்ணுமே தெரியறதில்லீங்க."

இந்த மூன்று வாக்கியத்தையும் ஜாப் கார்டில் அப்படியே எழுதிக்கொண்டோம். வழக்கமாக "இன்ஜின் மிஸ்ஸிங்" என்று இரண்டே சொல்லில் முடிந்துவிடும். அப்படி எழுதியிருந்தால் முக்கியமான பாதி விவரம் அங்கேயே போயிருக்கும். எப்போது வருகிறது, எப்போது போகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

டேஷ்போர்டில் செக் இன்ஜின் விளக்கு இருக்கும் இடத்தில் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப். சிமிட்டிக்கொண்டே இருந்தது எரிச்சலாக இருந்ததாம். அந்த விளக்கு நிலையாக எரிவது வேறு, சிமிட்டுவது வேறு. சிமிட்டினால், எரியாத எரிபொருள் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சுட்டுக்கொண்டிருக்கிறது, வேகத்தைக் குறை என்று அர்த்தம். டேப் ஒட்டி எத்தனை நாள் என்று கேட்டோம். ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும் என்றார்.

இதற்கு முன் நடந்த வேலைகள்

எங்களுக்கு முன் இரண்டு ஒர்க்ஷாப் பார்த்திருந்தன. பில்கள் வண்டியிலேயே இருந்தன, அது நல்லதாகப் போயிற்று.

முதல் இடத்தில் ஸ்கேனர் போட்டு பி0304 என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். நான்காவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது கலவை சரியாக எரியவில்லை என்பதற்கான கோட். நான்கு பிளக்கும் புதிது, நான்காவது பிளக்குக்குத் தீப்பொறி தரும் காயிலும் புதிது. சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று கம்ப்ரஷனும் பார்த்திருக்கிறார்கள். பில்லின் பின்பக்கம் பென்சிலில் 175, 170, 175, 165 பிஎஸ்ஐ என்று இருந்தது. எல்லாம் நல்ல அளவுதான். "கம்ப்ரஷன் ஓகே" என்று அடிக்கோடிட்டு முடித்துவிட்டார்கள்.

இரண்டாவது இடத்தில் கவனம் காற்றுக் கசிவின் பக்கம் போயிருக்கிறது. அதற்கும் காரணம் இருந்தது. சூடான ஐட்லிங்கில் ஃப்யூயல் ட்ரிம் (இன்ஜின் கணினியான ஈசியு எரிபொருளைக் கூட்டியோ குறைத்தோ செய்யும் திருத்தம்) ப்ளஸ் 12 சதவீதம், 2,500 ஆர்பிஎம்மில் ப்ளஸ் 3. ஐட்லிங்கில் அதிகமாகி, வேகத்தில் குறையும் ட்ரிம்மைப் பார்த்தால் இன்டேக்கில் எங்கோ காற்று கசிகிறது என்றுதான் எந்த மெக்கானிக்கும் நினைப்பார். த்ராட்டில் பாடி சுத்தம் செய்து, இன்டேக் கேஸ்கெட் மாற்றி, பெட்ரோல் இன்ஜெக்டர்களையும் கழற்றிக் கழுவியிருக்கிறார்கள். வண்டி மாறவே இல்லை. இரண்டு இடத்திலும் சேர்த்து 14,000 ரூபாய்க்கு மேல் ஆகிவிட்டது.

அந்த ட்ரிம் ஏன் ஏமாற்றியது என்று சொல்லிவிடலாம். ஒரு சிலிண்டர் எரியாவிட்டால் அதற்குள் போன ஆக்சிஜன் செலவாகாமல் அப்படியே எக்ஸாஸ்டுக்கு வந்துவிடும். ஆக்சிஜன் சென்சாருக்கு எரியாத பெட்ரோல் தெரியாது, மிச்சமான ஆக்சிஜன்தான் தெரியும். கலவையில் பெட்ரோல் குறைவு என்று கணித்து, ஈசியு இன்னும் பெட்ரோலைச் சேர்க்கும். மிஸ்ஃபயர் இருக்கும் வண்டியில் ட்ரிம் ஏறியிருந்தால் அது மிஸ்ஃபயரின் விளைவாகவே இருக்கலாம். இங்கே உதறல் ஐட்லிங்கில் மட்டும், ட்ரிம் ஏற்றமும் ஐட்லிங்கில் மட்டும். இரண்டும் கைகோத்து நடப்பதால் எது முன், எது பின் என்று ட்ரிம்மை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

ஸ்பானர் எடுப்பதற்கு முன்

முதலில் வண்டியை நன்றாக ஓட்டிச் சூடாக்கி, ஐட்லிங்கில் விட்டு, ஸ்கேனரில் மிஸ்ஃபயர் எண்ணிக்கையைப் பார்த்தோம். 1, 2, 3 சிலிண்டர்களில் பூஜ்யம். நான்காவதில் ஏறிக்கொண்டே போனது. 2,500 ஆர்பிஎம்முக்குக் கொண்டுபோனால் ஏறுவது நின்றது.

ஈசியு இதைக் கண்டுபிடிப்பது கிராங்க் சென்சாரை வைத்துத்தான். இந்த மாதிரி இன்ஜினில் 1-3-4-2 என்ற வரிசையில், கிராங்க் அரைச்சுற்று சுற்றும் ஒவ்வொரு தடவையும் ஒரு சிலிண்டர் எரியும். எந்த அரைச்சுற்றில் கிராங்க் தளர்கிறதோ அந்த முறை யாருடையது என்று பார்த்து எண்ணிக்கையை ஏற்றும். ஆகவே பி0304 சொல்வது நான்காவது சிலிண்டர் தள்ளவில்லை என்பதை மட்டும்தான். ஏன் தள்ளவில்லை என்பது அதற்குத் தெரியாது. பிளக், காயில், இன்ஜெக்டர், வால்வு, ரிங் எல்லாவற்றுக்கும் அதே கோட்தான் வரும்.

அடுத்து கேஸ் ஸ்விட்சை அணைத்துப் பெட்ரோலில் ஓட்டினோம். அதே நான்காவது சிலிண்டர், அதே உதறல், எண்ணிக்கை மட்டும் கொஞ்சம் குறைவு. ஸ்விட்ச் ஒன்றை அமுக்கியதோடு சரி, ஒரு நட்டைக்கூடத் தொடவில்லை. ஆனால் இந்த வண்டியில் செய்த சோதனைகளிலேயே அதிகம் சொன்னது இதுதான். பெட்ரோலுக்கு ஒரு ரெயில், ஒரு பம்ப், நான்கு இன்ஜெக்டர். கேஸுக்கு வேறு ரெயில், கேஸ் அழுத்தத்தைக் குறைக்கும் தனி ரெடியூசர், வேறு நான்கு இன்ஜெக்டர். இரண்டிலும் ஒரே நேரத்தில், ஒரே சிலிண்டரில், சூடான ஐட்லிங்கில் மட்டும் கோளாறு வர வாய்ப்பே இல்லை என்று சொல்லலாம். எரிபொருள் பக்கத்தை அப்போதே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம். இரண்டு எரிபொருளில் ஓடும் வண்டி ஒரு வகையில் மெக்கானிக்குக் கிடைத்த வசதி. அதைப் பயன்படுத்தாமல் இன்ஜெக்டர் கழுவியதுதான் வருத்தம்.

மிச்சம் இருந்தவை இக்னிஷன், கம்ப்ரஷன் இரண்டும்தான்.

இக்னிஷனைத் தள்ளி வைத்தது

நான்காவது காயிலை இரண்டாவதுக்கும், நான்காவது பிளக்கை மூன்றாவதுக்கும் மாற்றினோம். மறுபடி சூடாக்கிப் பார்த்தபோது கோளாறு நான்கிலேயே நின்றது. காயிலோடோ பிளக்கோடோ நகரவில்லை.

ஆனால் இந்த மாற்றிப் பார்க்கும் சோதனையில் ஒரு ஓட்டை உண்டு. காயிலுக்கு வரும் வயரும், அதை இயக்கும் ஈசியுவின் பகுதியும் அதே இடத்தில்தான் இருக்கின்றன. அதனால் நான்காவது காயிலுக்கும் பிளக்குக்கும் நடுவே ஸ்பார்க் டெஸ்டர் வைத்து, உதறும்போதே கவனித்தோம். மிஸ்ஃபயர் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்த நேரத்திலும் டெஸ்டர் தவறாமல் மின்னிக்கொண்டிருந்தது. தீப்பொறி வருகிறது, எரிபொருள் வருகிறது, ஆனாலும் எரியவில்லை.

கம்ப்ரஷன் கேஜும் அதன் எல்லையும்

பழைய பில்லில் நல்ல அளவு இருந்தாலும் நாங்களும் கம்ப்ரஷன் பார்த்தோம், இந்த முறை சூட்டில். இதில் ஒரு எச்சரிக்கை வேண்டும். சிலிண்டர்களை மேலே மூடும் அலுமினிய ஹெட் சூடாக இருக்கும்போது இறுக்கமான பிளக்கைத் திருகினால் மரை கையோடு வந்துவிடலாம். அதனால் ஆறியிருக்கும்போதே பிளக்குகளைத் தளர்த்தி, மறுபடி லேசாக இறுக்கி, அதன் பிறகு இன்ஜினைச் சூடாக்கினோம். பெட்ரோலையும் காயிலையும் துண்டித்து, த்ராட்டிலை முழுக்கத் திறந்து வைத்துச் சுற்றியதில் வந்தது 178, 174, 172, 160.

நான்காவது கொஞ்சம் குறைவுதான். ஆனால் பத்து சதவீதம் அளவுக்கான வித்தியாசத்துக்கு இன்ஜின் இப்படி உதறாது. சிலிண்டருக்குள் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்தும் அளவு அசையவில்லை. பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் அடைத்துக்கொண்டு அளவு ஏறியிருக்கும். கசிவு ஏதும் இருந்தால் அது வால்வு பக்கம்தான்.

இந்த இடத்தில்தான் விசாரணை திரும்பியது. முதல் ஒர்க்ஷாப்பின் கேஜும் சரி, எங்கள் கேஜும் சரி, பொய் சொல்லவில்லை. ஆனால் இரண்டுமே இன்ஜினை நிறுத்திவிட்டு எடுத்த அளவு. எக்ஸாஸ்ட் வால்வின் தலை ஓட்டத்தில் செக்கச் சிவக்கும் அளவுக்குச் சூடாகிற பொருள். அதன் தண்டும் சூட்டில் நீளும். அந்த நீட்சிக்காகத்தான் டேப்பெட்டில் இடைவெளியே விடுகிறோம். இன்ஜின் நின்று, காயிலைப் பிடுங்கி, பிளக்கைக் கழற்றி, கேஜை மாட்டுவதற்குள் வால்வின் சூடு, அது மூடும்போது உட்காரும் வளையமான சீட் வழியாக ஹெட்டுக்கு இறங்கி, தண்டு பழைய நீளத்துக்குத் திரும்பிவிடும். ஓடும்போது மட்டும் மூடாமல் நிற்கும் வால்வு, கேஜ் வைக்கும் நேரத்துக்குச் சமர்த்தாக மூடிக்கொண்டிருக்கும்.

அதனால் அடுத்த சோதனைகள் எல்லாவற்றையும் இன்ஜின் ஓடும்போதே செய்வது என்று முடிவு செய்தோம்.

முதலாவது, காயில் கனெக்டரைப் பிடுங்கும் பழைய முறை. காலையில் குளிர்ந்த இன்ஜினில் நான்காவதைப் பிடுங்கினால் ஆர்பிஎம் மற்றதைப் போலவே இறங்கியது. அதாவது அந்த சிலிண்டர் வேலை செய்கிறது. நன்றாகச் சூடானபின் பிடுங்கியபோது ஆர்பிஎம் அசையவே இல்லை.

இரண்டாவது, இன்டேக் மேனிஃபோல்டில் வேக்யூம் கேஜ். குளிரில் முள் ஒரே இடத்தில் நின்றது. சூடேற ஏற, ஒரே தாளத்தில் (பாதரச அளவில்) இரண்டு மூன்று அங்குலம் விழுந்து எழுந்தது. தாளம் தப்பாமல் விழுவது ஏதோ ஒரு சிலிண்டரின் முறை வரும்போதெல்லாம் கோளாறு நடக்கிறது என்பதைக் காட்டுகிறது.

மூன்றாவது, சைலன்சர் முனையில் காகிதம். பில் புத்தகத்திலிருந்து ஒரு தாளை நீளவாக்கில் கிழித்து, குழாய் வாயை ஒட்டிப் பிடித்தோம். நல்ல இன்ஜினில் தாள் வெளிப்பக்கமாகவே படபடக்கும். இங்கே நாலைந்து படபடப்புக்கு ஒருமுறை 'சப்' என்று குழாயின் வாயில் ஒட்டிக்கொண்டது. பிஸ்டன் காற்றை உள்ளிழுக்கும் நேரத்தில் எக்ஸாஸ்ட் வால்வும் திறந்து கிடந்தால் சைலன்சர் பக்கத்திலிருந்தும் இழுக்கும். இந்தக் காகிதச் சோதனையை மட்டும் நம்பி யாரும் ஹெட்டைத் திறக்கக் கூடாது, சாதாரண மிஸ்ஃபயரிலும் சில நேரம் தாள் உள்ளே போகும். ஆனால் மற்ற எல்லாம் ஒரே பக்கம் கை காட்டும்போது இதுவும் அங்கேயே காட்டியது.

வேகத்தில் ஏன் உதறல் தெரியவில்லை என்பதற்கும் இதோடு விடை கிடைத்தது. 750 ஆர்பிஎம்மில் ஒரு கம்ப்ரஷன் ஸ்ட்ரோக் நடக்க 40 மில்லிசெகண்ட் ஆகும். 2,500இல் 12 மில்லிசெகண்ட்தான். அதே ஓட்டை வழியாகக் கசிய அவகாசம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. போதாததற்கு, ஐட்லிங்கில் த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருப்பதால் உள்ளே போகும் கலவையே கொஞ்சம். அதிலும் கசிந்தால் எரிவதற்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை.

டேப்பெட் கவரைத் திறந்தபோது

இரவு முழுக்க ஆறவிட்டு, காலையில் கவரைக் கழற்றினோம். இந்த இன்ஜினுக்கு நிர்ணயித்த அளவு குளிரில் இன்டேக் 0.15 முதல் 0.19 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.26 முதல் 0.30 மி.மீ.

இன்டேக் பக்கம் பெரிய குறை இல்லை. எக்ஸாஸ்டில் முதல் இரண்டு சிலிண்டர்கள் 0.15க்கும் 0.20க்கும் இடையில், மூன்றாவது 0.13. நான்காவதின் இரண்டு எக்ஸாஸ்ட் வால்வுகளில் ஒன்றுக்கு 0.08. இன்னொன்றில், இடைவெளி அளக்கும் எங்கள் ஃபீலர் கேஜின் ஆக மெல்லிய 0.04 தகடே நுழையவில்லை. ராக்கரை விரலால் ஆட்டிப் பார்த்தால் மற்றவற்றில் லேசான 'டிக்' இருந்தது. இதில் கல் மாதிரி அசைவில்லை.

தேய்ந்தால் இடைவெளி கூடும், கூடினால் டேப்பெட் சத்தம் வரும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்பது. ராக்கர், கேம் தேய்ந்தால் அப்படித்தான். வால்வு சீட் தேய்ந்தால் நடப்பது நேர்மாறு. சீட் அமுங்க அமுங்க வால்வு ஹெட்டுக்குள் மேலே ஏறும், அதன் நுனி ராக்கரை நெருங்கும், இடைவெளி குறையும். சத்தமும் வராது. இந்த வண்டியின் இன்ஜின் மேல்பாகம் தையல் மிஷினை விட அமைதியாக ஓடியது, அதனாலேயே டேப்பெட்டை யாரும் சந்தேகிக்கவில்லை.

சீட் அமுங்கியதில் கேஸுக்குப் பங்கு உண்டு. முன்பு பெட்ரோலில் கலந்திருந்த ஈயம் எக்ஸாஸ்ட் சீட்டின் மேல் மெல்லிய பூச்சாகப் படிந்து உலோகத்தைக் காத்தது. 2000 பிப்ரவரியில் இந்தியா முழுக்க ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. அதற்கு ஏற்றபடி கெட்டியான சீட் வைத்த இன்ஜின்கள் வந்தன. சிஎன்ஜி அதையும் விட வறண்ட எரிபொருள், சீட்டுக்குப் பூச்சாக எதையும் விட்டுப் போகாது. கம்பெனியிலேயே சிஎன்ஜியோடு வரும் கார்களில் இதற்கென்று இன்னும் கடினமான சீட்டும் வால்வும் போடுகிறார்கள். வெளியில் கிட் மாட்டும்போது கிட் மட்டும்தான் மாறுகிறது. சீட் பெட்ரோல் வண்டியின் சீட்தான்.

என்ன செய்வது என்ற முடிவு

எங்கள் முன் இருந்தது இரண்டு வழி. ஹெட்டைக் கழற்றி சீட் மாற்றுவது. அல்லது இடைவெளியை மட்டும் சரிசெய்து ஓட்டிப் பார்ப்பது. முதலாவது முழுமையான வேலை, ஆனால் லேத்தில் இருக்கும் நாளும் சேர்த்து ஒரு வாரம் வண்டி நிற்கும், செலவு 20,000 ரூபாய்க்கு மேல். அவருக்கோ அடுத்தடுத்து முகூர்த்த நாள்கள், சவாரிகள் எல்லாம் ஒப்புக்கொண்டவை.

குளிரில் கம்ப்ரஷன் 160க்கு மேல் நிற்பதால் வால்வு பெரிதாக எரிந்திருக்காது என்று கணித்தோம். இடைவெளியை மட்டும் சரிசெய்யலாம், ஆனால் இது வியாதியைக் குணப்படுத்தாது, தள்ளிப்போடும் என்று அவரிடம் சொன்னோம். 5,000 கி.மீ.க்கு ஒருமுறை வந்து அளக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்.

எக்ஸாஸ்ட் எல்லாவற்றையும் 0.30க்கு, அதாவது அனுமதித்த மேல் எல்லைக்கு வைத்தோம். குறைந்துகொண்டு போகிற அளவை நடுவில் வைப்பதில் பயனில்லை. கூடவே பிளக் இடைவெளியை 1.1 மி.மீ.யிலிருந்து 0.8க்குக் குறைத்தோம். கேஸைப் பற்றவைக்க அதிக வோல்டேஜ் வேண்டும், இடைவெளி குறைந்தால் காயிலுக்குப் பாரம் குறையும். கூலியும் கவர் கேஸ்கெட்டும் சேர்த்து 1,800 ரூபாய். டேஷ்போர்டிலிருந்த கறுப்பு டேப்பையும் எடுத்துவிட்டோம்.

பின்னர் நடந்தது

அன்றே சூடாக்கி ஐட்லிங்கில் விட்டபோது பெட்ரோல், கேஸ் இரண்டிலும் மிஸ்ஃபயர் எண்ணிக்கை பூஜ்யம். வேக்யூம் முள் நின்றது. அடுத்த வாரம் பார்த்தபோது ட்ரிம் ப்ளஸ் 2க்குள் வந்திருந்தது.

முதல் 5,000 கி.மீ. முடிந்து அளந்ததில் மற்ற சிலிண்டர்கள் 0.28, 0.29. நான்காவதின் அந்த வால்வு 0.21. அடுத்த 5,000இல் 0.13. வண்டி உதறவில்லைதான். ஆனால் தேய்மானம் எந்த வேகத்தில் போகிறது என்பதற்கு இனி விளக்கம் தேவையில்லை. மறுபடி 0.30க்கு வைத்துக் கொடுத்து, ஆடி மாதத்தில் ஹெட்டைக் கழற்றுவதாகப் பேசிக்கொண்டோம். கல்யாணச் சவாரி இல்லாத மாதம், அவருக்கு நஷ்டம் குறைவு.

ஹெட்டைப் பிரித்தபோது நான்காவதின் அந்த எக்ஸாஸ்ட் சீட் மற்றவற்றை விடக் கண்ணுக்குத் தெரியும் அளவு உள்ளே அமுங்கியிருந்தது. சீட்டோடு வால்வு உட்காரும் பட்டை இரண்டு மடங்கு அகலம். வால்வின் விளிம்பில் ஒரு பக்கம் வெளிறிப்போய், நகம் வைத்தால் தட்டுப்படும் சிறு பள்ளம். எட்டு எக்ஸாஸ்ட் சீட்டையும் கடினமான சீட்டாக மாற்றி, எக்ஸாஸ்ட் வால்வுகளும் புதிதாகப் போட்டு, கைடுகளைச் சோதித்து லேத்திலிருந்து வந்தது. மொத்தம் 23,000 ரூபாய். அதன் பிறகு 15,000 கி.மீ. ஓடி வந்தபோது எல்லா எக்ஸாஸ்ட்டும் 0.27க்கு மேலேயே நின்றன.

ஒன்று மட்டும் நேராகவில்லை. ஹெட் வேலை முடிந்து இரண்டு மாதத்தில் பி0420 வந்தது, கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் திறன் குறைந்துவிட்டது என்ற கோட். கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரின் கோடு, முன்னால் இருப்பதைப் போலவே மேலும் கீழும் ஆடியது. டேப்புக்கு அடியில் விளக்கு சிமிட்டிய அந்த வாரங்களுக்கான பில் இது. புது கன்வெர்ட்டரின் விலை ஹெட் வேலையை விட அதிகம். பிக்கப்பில் குறை இல்லாததால், அடுத்த எஃப்.சி.க்கு (தகுதிச் சான்று) முன் மாற்றுவதாக இப்போதைக்குத் தள்ளி வைத்திருக்கிறார்.

ஒர்க்ஷாப்பில் மாற்றியவை

கம்ப்ரஷன் அளவு எழுதும் கட்டத்துக்குப் பக்கத்தில் 'குளிர் / சூடு' என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறோம். அது நிரப்பாத அளவை அடுத்தவர் எடுத்துக்கொள்வதில்லை. வெளியில் கேஸ் கிட் பொருத்திய வண்டிகளுக்கு, சத்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், 20,000 கி.மீ.க்கு ஒருமுறை டேப்பெட் அளந்து எட்டு எக்ஸாஸ்ட் அளவையும் தனித்தனியாகக் குறிக்கிறோம். செட் செய்வதோடு நிறுத்தாமல், செட் செய்வதற்கு முன் என்ன இருந்தது என்பதையும் எழுதுவது முக்கியம். எந்த சிலிண்டர் எவ்வளவு வேகமாக அமுங்குகிறது என்று அதில்தான் தெரியும். ஹைட்ராலிக் டேப்பெட் உள்ள வண்டிகளில் அளக்க இடைவெளியே கிடையாது. அவற்றுக்குச் சூடான ஐட்லிங்கில் வேக்யூம் கேஜ் மாட்டிப் பார்க்கிறோம்.

இரண்டு எரிபொருள் வண்டி மிஸ்ஃபயரோடு வந்தால், ஸ்கேனர் மாட்டியதும் அடுத்த வேலை எரிபொருளை மாற்றி ஓட்டிப் பார்ப்பதுதான் என்று பையன்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். ஒரே எரிபொருளில் மட்டும் உதறினால் அந்தப் பக்கத்து இன்ஜெக்டரிலிருந்து தொடங்கலாம். இரண்டிலும் உதறினால் இன்ஜெக்டரைத் தொடவே வேண்டாம்.